பார்மட் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்த பிறகும் உங்களில் யாராவது ஒருவர் எனக்குப் போன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். விண்டோஸ் போய்விட்டது, திரும்பப் போட வேண்டும், எல்லாவற்றையும் அழித்து பார்மட் அடித்துவிட்டுப் போடவா, இருப்பதன் மேலேயே போடவா. நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. மெஷின் யாருடையது, அதில் என்ன வேலை செய்கிறார்கள், எப்போது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பக்கம் நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். ஒரு வார்த்தை கேட்டால் இந்த ஆள் ஜாதகமே கேட்கிறாரே என்று நினைப்பீர்கள். ஏன் கேட்கிறேன் என்பதை ஒரு முறை எழுதியே வைத்துவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் கஸ்டமர் வந்துவிடுகிறார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதலில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்தேன். டேப்பில் கெட்டது கண்ணுக்குத் தெரியும். பெல்ட் தளர்ந்திருக்கும், ஹெட்டில் அழுக்கு ஏறியிருக்கும், இல்லையென்றால் ஒயர் விட்டிருக்கும். பிறகு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். அங்கே என் கையில் கொடுத்தது ஹார்ட் டிஸ்க். நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது ஒரே கனம். உள்ளே இருப்பதும் தெரியாது, போனதும் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவனிடம் இந்த வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் முதலாளி எனக்கு நேர் எதிர். டிப்ளமோ படித்தவர். கையும் வேகம், வாயும் வேகம். அவர் கடையில் ஒரே சட்டம்தான். விண்டோஸ் போய்விட்டால் பார்மட் அடி, சுத்தமாகப் போடு, அனுப்பு. இருப்பதன் மேலேயே போட்டால் பழைய அழுகல் அடியில் அப்படியே கிடக்கும், ஒரு வாரத்தில் அதே மெஷின் அதே கோளாறோடு திரும்ப வரும், கஸ்டமர் தெருவில் நின்று கத்துவார். அவர் சொன்னது தப்பில்லை. நானே அப்படித் திரும்பி வந்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். நான் கஸ்டமரிடம் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "ஏன்டா, பொண்ணு பாக்கவா வந்துகிறாங்க? இன்னாத்துக்கு இவ்ளோ விசாரணை?" என்பார். கடையில் எனக்குப் பேரே பேஜார்தான், தொல்லை பிடித்தவன் என்று. "பேஜார் எங்கடா?" என்று கேட்டால் நான் எழுந்து போவேன்.

விண்டோஸ் தொண்ணூற்றெட்டு எங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். கோடைக்கால முடிவு. தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்து, கிராமம் கிராமமாகக் கூப்பிட்டு மனு வாங்குவார் இல்லையா, அதுதான். அந்த நாட்களில் தாலுகா ஆபீஸ் தெருவில் டைப்பிங் சென்டர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

அந்தத் தெருவில் செல்வி என்கிற பெண் ஒரு சென்டர் வைத்திருந்தாள். சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மெஷின், ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல். அவள் வேலை செய்யும் முறை தனி. மனு எழுத வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நேராகத் தமிழில் அடித்துவிடுவாள். கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்கிற வழக்கமே கிடையாது. அவ்வளவு வேகம். அந்தத் தெருவிலேயே அவளிடம்தான் கூட்டம்.

அன்று காலை கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி வைத்துக்கொண்டிருந்தேன். செல்வி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் கம்ப்யூட்டரின் சிபியூ பெட்டியை வைத்து, ஒரு கையால்கூடப் பிடிக்காமல் நடந்து வந்தாள். நான் ஊதுவத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினேன்.

"பயப்படாத நைனா. வெறகே வுயாது, இதுவா வுயப் போவுது?" என்றாள் அவள்.

அவள் பெயர் கன்னியம்மா. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடிசைகளிலிருந்து வந்தவள். கதையைச் செல்வி மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ஏரி நிரம்புகிற ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குடிசைகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். மேட்டில் வீட்டுமனை கேட்டு அவர்கள் போன வருஷம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே மனு கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் எப்போதிருந்து அங்கே இருக்கிறது, யார் நிலத்தில் வேலை செய்தது, தண்ணீர் வந்தபோது எங்கே போய்த் தங்கியது என்று தனித்தனியாகச் சொன்னால்தான் விசாரிக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த முறை கன்னியம்மா ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டிவந்து செல்வியிடம் உட்காரவைத்திருக்கிறாள். அவர்கள் சொல்ல, செல்வி அடித்து வைத்திருக்கிறாள். பிறகு எல்லோரும் செய்யாறு பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஒரு நாள்தான் மேஸ்திரி விட்டிருக்கிறார். மதியம் வந்து கைநாட்டு வைத்து, இரண்டு மணிக்கு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் கிராமத்துக்கு அதுதான் நாள்.

பிரிண்ட் எடுக்கலாம் என்று செல்வி காலையில் மெஷினைப் போட்டிருக்கிறாள். நீலத் திரை வந்து நின்றுவிட்டது. நிறுத்திப் போட்டாலும் அதேதான்.

"அண்ணா, எல்லாமே டி டிரைவ்ல இருக்கு. நான் எப்பவும் டி-லதான் வெப்பேன். சி-ய பார்மட் அடிச்சி விண்டோஸ் போட்டுக் குடுத்துடுங்க. பன்னெண்டுக்குள்ள கெடச்சா போதும்" என்றாள் செல்வி.

விவரம் தெரிந்த பெண். ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள்; விண்டோஸ் இருக்கிற சி-யை அழித்தாலும் டி-யில் இருப்பது போகாது. டி-யில் வைத்திருக்கிறேன் என்று அவளாகவே சொல்கிறாள். இதற்கு மேல் ஒரு மெக்கானிக்குக்கு என்ன வேண்டும்? முதலாளி ஓரிக்கை என்ற ஊரில் ஒரு கடைக்கு மெஷின் இறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டவர், "டி-ல கீதுன்னு சொல்றாங்க இல்ல? அட்ச்சி விடு. மதியத்துக்குள்ள முட்ச்சிடலாம். நீ குந்திக்கினு யோசன பண்ணாத" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மெஷினைக் கிளப்புகிற பூட் பிளாப்பியைப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது. டி-க்குள் போய்ப் பார்த்தேன். கோப்புகள் வரிசையாக இருந்தன. செல்வி பொய் சொல்லவில்லை. சி-யை பார்மட் அடிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அது வழக்கம்போல் கேட்டது. இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா, ஒய் ஆர் என். ஒய் தட்டினால் ஆமாம், என் தட்டினால் வேண்டாம்.

உங்களுக்கு இப்போது அந்தத் திரை வருவதில்லை. அழகாக நீலப் பொத்தான் வருகிறது, அதைத் தொட்டால் போதும். அந்தக் காலத்தில் அந்தக் கேள்வி கறுப்பில் வெள்ளையாகத் தனியாக நிற்கும். பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டே இருக்கும். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் நின்று கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

ஒய்-க்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணா, அடிச்சிடுங்கண்ணா" என்றாள். எனக்கு என்ன சந்தேகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தேகமே இல்லை. பயம் மட்டும் இருந்தது. கோப்பு இருக்கிறது என்று பார்த்தேன், சரி. அது திறக்கிறதா என்று பார்த்தேனா? பூட்டியிருக்கிறது, சரி. இழுத்துப் பார்த்தேனா?

ஒய்-யை விட்டு, என் எழுத்தைத் தட்டினேன். மெஷினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

செல்வி அழுவது போல் ஆகிவிட்டாள். டிஸ்க்கைக் கழற்றி நம் கடை மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, ஒரே ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு பார்மட் அடிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். "இருக்குன்னுதான் பாத்துட்டீங்களே" என்றாள். நான் அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினேன். கன்னியம்மாதான் சொன்னாள்: "வுடுமே. அவுரு தொறந்து பாத்துக்கினு போவட்டும். வைத்தியன் நாடி புடிச்சித்தான் பாப்பான்."

மாட்டினேன். மெஷின் டிஸ்க்கை எடுத்துக்கொண்டது. டி-யில் முதல் கோப்பைத் திறந்தேன்.

திரை முழுக்கக் குப்பை. ஆங்கில எழுத்துகள், தலையில் கொம்பு வைத்த எழுத்துகள், புள்ளிகள், பிறைகள். ஒரு தமிழ் எழுத்து இல்லை. இரண்டாவதைத் திறந்தேன், அதுவும் அப்படித்தான். மூன்றாவதும்.

செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வைரஸ் தின்றுவிட்டது என்றாள். போன வாரம் யாரோ ஒரு பிளாப்பி கொண்டுவந்து போட்டார்களாம், அப்போதே மெஷின் ஒரு மாதிரி இருந்ததாம். கன்னியம்மா திரைக்கு அருகே வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் செல்வியின் சென்டரில் பல நாள் உட்கார்ந்து தமிழ் எழுத்துகளைப் பார்த்தவள்.

"இன்னாமே இது? இதுவா நாங்க சொன்னது?"

செல்வி மவுஸை என் கையிலிருந்து வாங்கி, தானே அந்தக் கோப்பை மூடித் திறந்தாள்.

இந்த நேரத்தில் முதலாளி ஓரிக்கையிலிருந்து போன் பண்ணினார், முடிந்ததா என்று கேட்க. நான் நடந்ததைச் சொன்னேன். அவர், கோப்பு கெட்டுப்போனால் கெட்டதுதான், அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது, வைரஸ் இருந்தால் இரண்டு டிரைவையும் சேர்த்து பார்மட் அடி, நம் மெஷினுக்கும் ஒட்டிக்கொள்ளும், முதலில் அதைக் கழற்று என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. போனை வைத்தேன். முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

இங்கே ஒரு விஷயம். நெருக்கடியில் நாம் செய்கிற பெரிய தப்பு, எல்லோரையும் நம் முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்துக்கொண்டு வேலை செய்வது. அவர்கள் மூச்சு நம் கழுத்தில் படும், கை தானாக அவசரப்படும். எனக்கு அன்று வேறு எதுவும் தோன்றவில்லை, அவர்களைத் திரைக்கு முன்னாலிருந்து நகர்த்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது. செல்வியிடம் ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்தேன். எது நடந்தாலும் இரண்டு மணிக்குக் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், நீ கையால் எழுத ஆரம்பி, அக்காவுக்குத் தெரிந்தவரை சொல்லட்டும் என்றேன். இருவரும் கடை வாசலில் காலி அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

கன்னியம்மா சொல்ல ஆரம்பித்தாள். தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது தடங்கல் இல்லை. "எங்க மாமனாரு காலத்துலேந்து அந்தக் கரையிலதான் கீறோம். மய பேஞ்சா மொதல்ல அடுப்புல தண்ணி வரும். அப்பறம் பானை மெதக்கும். பானை மெதந்துச்சின்னா புள்ளிங்கள தூக்கிக்கினு மேட்டுக்குப் போயிடுவோம். எய்திக்கினியா?" அடுத்த குடும்பத்துக்கு வந்ததும் திணறினாள். அவர்கள் எந்த மழைக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள், எந்த மழைக்குக் கோயில் மண்டபத்தில் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் விசாரணையில் அவர்கள் வாயால் வேறு வரும், பொய் என்று ஆகிவிடும் என்றாள். செல்வி பேனாவை நிறுத்தினாள். இப்படி எழுதினால் மாலைக்குள் பாதி கூட ஆகாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

நான் குப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய? படிக்காதவன் படிக்கிற மாதிரி பார்த்தேன். எழுத்தை விட்டுவிட்டு அதன் உருவத்தைப் பார்த்தேன். வரிகள் ஒழுங்காக இருந்தன. பத்தி முடிகிற இடத்தில் முடிந்தது. நடுவில் எண்கள் எண்களாகவே இருந்தன. வைரஸ் எழுத்தைத் தின்றுவிட்டு எண்ணை மட்டும் விட்டுவைக்குமா? இன்னொரு கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மூன்று குறிகளோடு ஆரம்பித்தன. மூன்றாவது கோப்பும் அதே மூன்று குறிகள். நாலாவதும்.

"செல்வி, ஒவ்வொண்ணையும் எப்டி ஆரம்பிப்ப?"

"ஐயா-ன்னு ஆரம்பிப்பேன். ஐயா, கமா, அப்பறம் பேரு."

அந்த மூன்று குறிகள்தான் ஐயா. எதுவும் கெடவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. நம் கடை மெஷினுக்கு அதைத் தமிழாகக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் போனில் தமிழில் அடித்தால் எந்தப் போனிலும் தமிழாகத் தெரிகிறது. அன்று அப்படி இல்லை. ஒவ்வொரு சென்டரிலும் ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட், அதாவது எழுத்து வடிவம். ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் குப்பைதான் வரும். அதே ஃபாண்ட் இருந்தால்தான் அது தமிழ். செல்வியின் ஃபாண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மெஷினை விற்ற ஆள் உள்ளேயே போட்டுக் கொடுத்தாராம். சிடி இல்லை, பிளாப்பி இல்லை. அந்த ஆள் இப்போது எங்கே என்று அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த ஃபாண்ட் இருக்கிற ஒரே இடம், என் கண் முன்னால் இருக்கிற டிஸ்க்கின் சி டிரைவ். விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஒரு ஃபோல்டரில். ஒய் தட்டியிருந்தால் முதலில் போயிருக்கும் இடம்.

கோப்பை டி-யில் வைத்தவள் எழுத்தை சி-யில் விட்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. எழுத்து என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் காப்பாற்ற வேண்டும் என்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை, முதலாளியும் நினைக்கவில்லை.

அந்த ஃபோல்டரைத் திறந்தேன். செல்வி எழுந்து ஓடிவந்து, இதோ இதுதான் என்று விரலை வைத்துக் காட்டினாள். காப்பி கொடுத்தேன். நீலப் பட்டை கொஞ்சம் ஓடி நின்றது. டிஸ்க்குக்குள்ளிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று மெஷின் சொன்னது.

அந்தச் சத்தத்தை இன்றும் நான் வெறுக்கிறேன். திரும்பக் கொடுத்தேன். அதே இடத்தில் டக், டக். நீலத் திரை ஏன் வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. விண்டோஸ் கெட்டதால் இல்லை, டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கரண்ட் போகிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் யுபிஎஸ் பேருக்குத்தான் யுபிஎஸ்.

வாசலில் வண்டி நின்றது. முதலாளி. நான் போனை வைத்த வைப்பில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஹெல்மெட்டோடு உள்ளே வந்து, "டேய் பேஜார், இன்னா திமிரு ஒனக்கு" என்று ஆரம்பித்தவர், டக் டக் சத்தத்தைக் கேட்டதும் அப்படியே நிறுத்திவிட்டார். நான் ஃபாண்ட் விஷயத்தை நான்கு வரியில் சொன்னேன். அவர் இரண்டாவது வரியிலேயே புரிந்துகொண்டார். அவர் வேகம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

"கைய எடு. திரும்பத் திரும்ப குடுக்காத, சாவும்" என்றார். மெஷினை அணைக்கச் சொன்னார். டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. வாசலிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து நேராக அதன் மேல் காற்று படும்படி வைத்தார். ஆறட்டும் என்றார். நேரம் ஆகிறது என்று செல்வி சொன்னதற்கு, "ஆவட்டும்மா. சூடோட கேட்டா குடுக்காது" என்றார்.

எந்த வேலையும் செய்யாமல் ஒரு மெஷினுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சும்மா இருத்தல் வேறு இல்லை. கரும்பு வெட்டப் போயிருந்த குடும்பங்கள் தெருவில் லாரியிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். கன்னியம்மா வாசலுக்குப் போய், "தோ ஆயிட்ச்சி, நெயல்ல குந்துங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் வந்து குனிந்து, மெதுவாக, "ஆவுமா நைனா? ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு. அவங்கள நானே அனுப்பிக்கிறேன்" என்றாள்.

ஆகும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகாது என்று சொல்லவும் இல்லை. "தெரியலக்கா" என்றேன். அவள் தலையாட்டினாள்.

முதலாளி டிஸ்க்கை மறுபடி தொட்டுப் பார்த்தார். மெஷினைப் போட்டார். எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீயே குடு. ஒனக்குத்தான் நிதானம் ஜாஸ்தி" என்றார். அதைக் கிண்டலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு கோப்பு. அந்த ஒரு ஃபாண்ட். காப்பி கொடுத்தேன். பட்டை ஓடியது. அதே இடத்துக்கு வந்தது. டக். நின்றது. முதலாளி என் தோளில் கை வைத்தார், எதையும் தொடாதே என்கிற மாதிரி. டக். பட்டை நகர்ந்து முடிந்தது.

ஃபாண்ட்டை நம் மெஷினில் போட்டு, முதல் கோப்பை மறுபடியும் திறந்தேன். குப்பை இருந்த இடத்தில் தமிழ் இருந்தது. ஐயா, என்று ஆரம்பித்தது.

"எங்களுதா?" என்றாள் கன்னியம்மா. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னியம்மாவின் கோப்பைத் திறந்து வாசித்தாள். அடுப்பில் தண்ணீர், மிதக்கிற பானை, மேடு. வாசலில் சொன்னதும் திரையில் இருந்ததும் ஒன்றேதான். கன்னியம்மா கேட்டுவிட்டு, "நா சரியாத்தான் சொல்லிகிறேன்" என்றாள்.

மற்ற கோப்புகளையும் நம் மெஷினுக்கு இழுத்தோம். கடை பிரிண்டரில் ரிப்பன் மங்கல். இருந்தாலும் படிக்க முடிந்தது. ஒவ்வொரு தாளாக வெளியே வர வர, செல்வி பெயர் சொல்லிக் கூப்பிட, கடை வாசலிலேயே கைநாட்டு வைத்தார்கள். ஒவ்வொரு தாள் பாதி வந்திருக்கும்போதும் நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன், நின்றுவிடுமோ என்று. கரண்ட் போகவில்லை. தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு அவர்கள் அதிகாரி முன்னால் தாளோடு நின்றார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தாளைப் பார்த்து, கேள்வி கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டார் என்று செல்வி வந்து சொன்னாள்.

சாயங்காலம், அந்தப் பழைய டிஸ்க்குக்கு இனி அவசரம் இல்லை என்று ஆனதும், முதலாளி அதை பார்மட் போட்டுப் பார்க்கச் சொன்னார், ஒரு பரீட்சையாக. ஒய் தட்டினேன். கொஞ்ச தூரம் ஓடியது. டக், டக் என்று அடித்துவிட்டு மொத்தமாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த மெஷினும் அந்த டிஸ்க்கை அடையாளம் காணவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஷட்டரை இறக்கினோம். சாவியை என்னிடம் கொடுக்கும்போது, "பயப்படு, வேணான்னு சொல்லல. கை நடுங்காம பயப்படு" என்றார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த எவ்வளவோ வேலைகள் இப்போது உதவாது. அந்த மெஷின்களே இல்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் இருக்கிறது.

ஆகவே பார்மட் அடிக்கலாமா என்றால், அடிக்கலாம். பல நேரம் அதுதான் சரியான வேலை. ஆனால் அன்று செல்விக்கு வேண்டியிருந்தது விண்டோஸ் இல்லை, இரண்டு மணிக்குள் தாள். மெஷினை நாளைக்குக்கூடச் சரி செய்யலாம். நாங்கள் எல்லோரும், அவளும் சேர்த்து, மெஷினைச் சரி செய்வதையே வேலை என்று நினைத்துவிட்டோம். பார்மட்டா, மேலேயே போடுவதா என்று நீங்கள் கேட்கும்போது நான் ஜாதகம் கேட்பது இதற்காகத்தான். எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் திறந்து பாருங்கள். திறந்தால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கஸ்டமர் திட்டட்டும், முதலாளி திட்டட்டும்.

அன்று எல்லாம் முடிந்து கிளம்பும்போது கன்னியம்மா திரும்பி வந்தாள். கடை மெஷினைக் காட்டி, "அதுல இன்னும் கீதா நாங்க சொன்னது?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

"அப்ப அத்த அயிக்காத நைனா. எங்க வூட்ல காயிதம் நிக்காது."

அழிக்கவில்லை. ஒரு ஃபோல்டரில் கோப்புகளையும், அதற்குள்ளேயே அந்த ஃபாண்ட்டையும் சேர்த்து வைத்தேன். கார்த்திகையில் ஏரி நிரம்பியது. மழை விட்ட அன்று கன்னியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவர்களிடம் இருந்த நகல்கள், கஞ்சியாக ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. தாலுகா ஆபீசிலிருந்து ஆள் இடம் பார்க்க வருகிறார்களாம், கையில் தாள் இருக்க வேண்டுமாம். பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "பொட்டியத் தொற" என்றாள்.

திறந்தேன். ஐயா, என்று ஆரம்பித்தது.

மறு வருஷம் மேட்டில் மனை கிடைத்தது. எல்லோருக்கும் இல்லை, இரண்டு குடும்பங்கள் விட்டுப்போய், அவர்களுக்காகத் திரும்ப அலைந்தார்கள். அதற்கும் அந்த ஃபோல்டர்தான். அதற்குப் பிறகு கடையில் எத்தனையோ மெஷின்கள் மாறின. ஒவ்வொரு பழைய மெஷினையும் பார்மட் அடிப்பதற்கு முன்னால் நான் முதலில் எடுத்து வைத்தது அந்த ஃபோல்டரைத்தான். முதலாளிக்குப் பிறகு நான் நடத்திய கடையை உங்களிடம் கொடுத்தபோது, கன்னியம்மா என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அது என்ன, அழித்துவிடட்டுமா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணம் இதுதான்.